யார் கொடுத்த மாத்திரை

அக்கா: டாக்டர் கேட்டது காதுல விழுந்துச்சா? என் தம்பிக்கு ஆன்டிபயாடிக் யார் வாங்கிக் கொடுத்ததுன்னு.

மனைவி: மெதுவாப் பேசுங்க அண்ணி. அவருக்கு உள்ள ரத்தம் எடுத்துட்டிருக்காங்க.

அக்கா: என் கிட்னியை வைக்கிற வரைக்கும் அவனுக்கு சர்க்கரை நோயே கிடையாது.

மனைவி: கிட்னி ஒத்துக்கறதுக்குக் கொடுக்கிற மாத்திரையாலயும் வரலாம்னு டாக்டரே சொன்னாரே!

அக்கா: நடுவுல ஆன்டிபயாடிக்கும் கண்டபடி சாப்பிட்டா, வர வாய்ப்பு கூடலாம்னும் சொன்னார். அது மட்டும் உனக்குக் கேக்காதே!

மனைவி: கேட்டுச்சு...

அக்கா: தும்மினா ஒண்ணு, இருமினா ஒண்ணு... நீதானே?

மனைவி: ஆமா, நான்தான். போதுமா?

அக்கா: அடிப்பாவி! எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?

மனைவி: பண்ணா? "என் கிட்னிக்கு என்னடி ஆச்சு"ன்னு ஓடி வருவீங்க. பார்க்க வர்றவங்க எல்லாரும் உங்க கையைத்தான் பிடிச்சுக்கிறாங்க. எனக்கு வயிறு எரியுது அண்ணி. என் கிட்னி பொருந்தலன்னு என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க... ஒரு காய்ச்சலையாவது நான் சரி பண்ணக் கூடாதா?

அக்கா: உனக்கு மட்டும்தான் எரியுமா? கொடுத்தது நான், கூட இருக்கிறது நீ. ஞாயித்துக்கிழமை மட்டும் என் வீட்டை எட்டிப் பார்ப்பான். அதுலயும் பாதி நேரம் உன்கூடத்தான் போன்ல பேச்சு.

மனைவி: அதுக்கு?

அக்கா: தொண்டை கரகரங்குதும்பான்... நானும் அதே மாத்திரையைத்தான் கையில வச்சு, முழுங்கற வரைக்கும் நிப்பேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்குவேன்.

மனைவி: அண்ணி! நானும் உங்ககிட்ட சொல்லாதீங்கன்னுதான்...

அக்கா: அப்போ ரெண்டு பேருமா சேர்ந்து... டேய், எப்படா வெளிய வந்தே?

தம்பி: நீ அடிப்பாவின்னு கத்தினப்பவே.

மனைவி: ஏங்க, உங்க அக்கா ஏற்கனவே கொடுத்துட்டாங்கன்னு வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?

தம்பி: சொல்லியிருந்தா நீ ரெண்டு நாள் பேச மாட்டே.

அக்கா: அதுக்காக? அத்தனை தடவையாடா உனக்குக் காய்ச்சல் வந்துச்சு?

தம்பி: ...பாதி நாள் எனக்கு ஒண்ணுமே இல்லக்கா. காய்ச்சல்னு சொன்னாத்தான் நீங்க ரெண்டு பேரும் என் நெத்தியைத் தொட்டுப் பார்க்கிறீங்க. மத்த நாளெல்லாம், கிட்னி எப்படி இருக்குன்னுதானே கேக்கறீங்க?