எதிர்வலம் வந்தவரின் பூட்டு

பத்து நிமிடத்துக்கு மேல் பேசினால் மணியடிப்பேன் என்று அன்போடு எச்சரித்து அமர்ந்திருக்கும் விழாத் தலைவர் அருணகிரி ஐயா அவர்களே! அந்த மணியைத் தேடிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்த வாசகசாலைச் செயலாளர் அவர்களே! முன்வரிசையை முழுவதும் பிடித்துக்கொண்ட முதுபெரும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தையும் அழைத்துக்கொண்டு வந்திருக்கும் அன்னையர்களே! வேங்கிக்காலிலிருந்து வந்து மூன்றாவது வரிசையில் வீற்றிருக்கும் தங்கம்மாள் அம்மா அவர்களே! தாலுகா ஆபீஸ் குமாஸ்தா பலராமனின் தாழ்மையான வணக்கம்.

ஏன் தாய்மார்கள் பக்கம் ஒரே சிரிப்பு? அடுப்பு ஞாபகம் வந்துவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள், அங்கேதான் வருகிறேன்.

நான் இறங்கியதும் இந்த மேடையில் ஒரு நடனம் நடக்கப்போகிறது. சலங்கை இல்லாத நடனம்! சாமி இல்லாத நடனம்! சரோஜா டீச்சர் தன் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்த புது மாதிரி நடனம். எட்டுப் பெண்கள் மலையைச் சுற்றுவதுபோல் வட்டமாக வருவார்கள். ஒருத்தி மட்டும் நிற்பாள், நடுங்குவாள், வந்த வழியே ஓடுவாள். இல்லாத பூட்டை இழுத்துப் பார்ப்பாள். திரும்பி வருவாள், மறுபடியும் ஓடுவாள். போன மாதம் கீழ்பென்னாத்தூரில் இது நடந்தபோது, ஆடுவதற்கு முன்னால் டீச்சர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "இது எங்க ஊர்ல ஒருத்தரோட மனசு. பேரு மட்டும் கேக்காதீங்க."

கேட்காமல் இருப்போமா? நாம் யார்? கடனாக வாங்கிய பேப்பரில் வரன் விளம்பரத்தைக்கூட விடாமல் படிக்கிற பரம்பரை அல்லவா! டீக்கடையில் கூடினோம், துப்புத் துலக்கினோம், தீர்ப்பும் எழுதிவிட்டோம். மளிகைக்கடை வேடியப்பன்தான் அந்த ஆள்! ஏன்? கடையைச் சாத்தியதும் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறாராம். அடடா, என்ன சாட்சியம், என்ன சாமர்த்தியம்!

அந்தத் தீர்ப்பு பஸ் ஏறி வேங்கிக்காலுக்குப் போனது. வேடியப்பனின் மகள் திரௌபதிக்கும் தங்கம்மாள் அம்மாவின் மகன் ராஜேந்திரனுக்கும் வைகாசியில் கல்யாணம் என்று பேசி, தட்டும் மாற்றியாகிவிட்டது. அம்மா சொல்லி அனுப்பினார்கள். "பொண்ணு மேல ஒரு குறையும் இல்லீங்க. அவங்கப்பாவுக்கு மனசு சரியில்லன்னு சொல்றாங்களே. கொஞ்சம் தள்ளி வெச்சிக்கலாம்." தள்ளி வைப்பது என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா? அந்தப் பெண் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வேடியப்பனோ இப்போது பூட்டை ஒரு தடவைகூட இழுத்துப் பார்ப்பதில்லை, பயந்துபோய் அப்படியே வீட்டுக்கு ஓடுகிறார்.

ஆகவே பெரியோர்களே, எனக்குத் தெரிந்த ஒருவரின் கதையைக் கேளுங்கள். பெயர் வேண்டாம், ஆள் நல்ல ஆள். பௌர்ணமி தவறாமல் மதியமே மலை சுற்றக் கிளம்புவார். எல்லாரையும்போல மலை வலப்பக்கம் இருக்க நடப்பார். அடி அண்ணாமலை வந்ததும் மனசு கேட்கும், வீட்டைப் பூட்டினாயா என்று. பூட்டினேன் என்பார். நிச்சயமாகவா என்று கேட்கும். அவ்வளவுதான், திரும்பிவிடுவார்! பாதிக்கு மேல் வந்தாயிற்று, முன்னால் நடந்தால்தான் வீடு பக்கம் என்று அவருக்குக் கணக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் கணக்கு காலுக்கு எட்டாது.

ஊரே ஒரு பக்கம் வர, ஒருவர் மட்டும் உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டு எதிரே வந்தால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? சித்தர் என்று நினைத்தார்கள்! வெள்ளையம்மாள் என்று ஓர் அம்மா காலிலேயே விழுந்துவிட்டார். "சாமி, மூணு நாளா மாட்டக் காணோம் சாமி!" இவருக்கு இருந்த அவசரத்தில், தன் மனசுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததையே சொன்னார். "வீட்டுக்குப் போய்ப் பாரு!" அந்த அம்மா போய்ப் பார்த்தார். மாடு வாசலில் நிற்கிறது! அடுத்த பௌர்ணமிக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அதே இடத்தில் காத்திருந்தார், கூட நாலு பேரையும் அழைத்துக்கொண்டு.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். பழத்தை வாங்கிக்கொண்டு வந்து, பூட்டிய வீட்டின் முன்னால் நின்று அந்தச் சித்தர் அழுதார். அதுவும் கதையில் உண்டு.

யார் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார். ஐயா, ஏழு வருடமாக அடி அண்ணாமலையைத் தாண்டாமல் இருந்த அந்த அதிசயப் பிறவி, உங்கள் முன்னால் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நான்தான்! வேடியப்பன் அல்ல, நான்!

தலைவர் ஐயா, மணியை மேசைமேல் வைத்துவிட்டீர்களே, நன்றி.

ஒருநாள் அப்படித் திரும்பும்போது சரோஜா டீச்சர் எதிரே வந்தார். எல்லாரும் 'ஏன் திரும்புறீங்க' என்று கேட்பார்கள், 'வாயுத் தொல்லை' என்பேன். அவர் அதைக் கேட்கவில்லை. "பூட்டத் தொடும்போது உங்க கை என்ன பண்ணுது சார்? காட்டுங்க" என்றார். காட்டினேன். அவரும் அதேபோல் செய்து பார்த்தார். என் பயம் இன்னொருவர் கையில் இருப்பதைப் பார்த்தபோது, முதல் தடவையாக அது என்னைவிடச் சின்னதாகத் தெரிந்தது. அப்புறம் அவர்தான் வேலூரில் மனநல டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார். டாக்டர் சொன்னார், "இது வியாதிங்க. வைத்தியம் இருக்கு." மாத்திரை சாப்பிடுகிறேன். போன பௌர்ணமிக்குக் குபேர லிங்கம் வரைக்கும் போய்விட்டேன்! கைதட்ட மாட்டீர்களா?

தங்கம்மாள் அம்மா! மனசு சரியில்லாதவன் வேடியப்பன் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவராகவே இருந்தால்தான் என்ன? உடம்புக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொடுக்கிற நாம், மனசுக்குக் காய்ச்சல் வந்தால் மாப்பிள்ளையைத் திருப்பிக்கொள்வதா? மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்க்கிற வீட்டைவிடப் பத்திரமான சம்பந்தம் உங்களுக்கு எங்கே கிடைக்கும்? அந்த நடனத்தின் முடிவைப் பாருங்கள். திரும்பி ஓடுகிறவளை மற்ற ஏழு பேரும் இழுக்கவில்லை, ஏசவில்லை. நின்று காத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் செய்கிறார்கள், அவள் சுற்றை முடித்துவிடுகிறாள்.

இதோ என் வீட்டுச் சாவி. மேடை ஏறியதிலிருந்து பதினோரு தடவை மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். நடனம் முடியும்வரை இது, அதோ தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் வேடியப்பனிடம் இருக்கட்டும். நான் நடுவில் எழுந்தால் வேட்டியைப் பிடித்து உட்கார வைக்கட்டும். மெதுவாகப் பிடிக்கட்டும், கைத்தறி வேட்டி.

அம்மா எழுந்து ஏதோ சொல்கிறார்களே? அமைதி, அமைதி! சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா.

"அவருகிட்ட குடுத்தா அவரும் தொட்டுத் தொட்டுப் பாப்பாருங்க! சாவிய எங்கிட்ட குடுங்க, நான் முடிஞ்சி வெச்சிக்கறேன். எங்க சம்பந்திய இங்க வந்து உக்காரச் சொல்லுங்க."

கேட்டீர்களா? சம்பந்தி என்றார்கள்! வேடியப்பா, தலையை நிமிர்த்து, மூன்றாவது வரிசைக்குப் போ! சாவி வருகிறது அம்மா, பிடித்துக்கொள்ளுங்கள்.

மணியடிக்காத தலைவருக்கும், பொறுமையாகச் சிரித்த பெரியோர்களுக்கும், அடுப்பை மறந்திருந்த அன்னையர்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி கூறி, வைகாசியில் கல்யாணப் பந்தியில் சந்திப்போம் என்று விடைபெறுகிறேன். வணக்கம்!