அரை அங்குலம்

கொஞ்சம் உரக்கக் கேளுங்கள் ஐயா. எங்கள் தளி ஊரில் பனி இறங்கினால் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

டாக்டர் மேல் தவறில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வெறும் மண்டையோட்டைக் கொடுத்து ஆள் உயரத்தைச் சொல் என்றால் மனிதர் என்ன செய்வார்? தலையின் நீளத்தை அளந்து ஏதோ பெருக்கல் போட்டு, "இது குத்துமதிப்புதான்" என்று சொல்லித்தான் சொன்னார். அவருக்குக் கண் மங்கல். அளப்பது கம்பவுண்டர் நான். நான் சொல்லும் எண்ணை அவர் குறித்துக்கொள்வார். எங்கள் ஆஸ்பத்திரியில் எப்போதும் அப்படித்தான்.

அந்த மண்டையோடு அஞ்செட்டிக் காட்டில் மாடு மேய்க்கிறவர்களுக்குக் கிடைத்தது. மற்ற எலும்புகளை நரி இழுத்துப் போயிருந்தது. எந்த ஓடைக்கரை என்று அவர்கள் சொன்னதும் அது யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் தங்கை நஞ்சம்மாவின் புருஷன் ராமப்பன்.

ராமப்பன் குள்ளம். ஆனால் கை ஓங்கினால் நிறுத்தமாட்டார். நஞ்சம்மாவின் உடைந்த கைக்கு நான்தான் கட்டுப் போட்டேன். அடுத்த முறை வயிற்றில் மிதித்தார், பிள்ளை தங்கவில்லை. "அண்ணா, அந்த ஆளு என்னைக் கொன்னே போடுவான், எங்கயாச்சும் கூட்டிக்கினு போ" என்று என் காலைக் கட்டிக்கொண்டாள். எங்கே கூட்டிப் போவேன்? எங்களுக்கு நாதி ஏது? கன்று வாங்கலாம் என்று மாப்பிள்ளையை அஞ்செட்டிக்கு அழைத்துப் போனேன். வழியில் ஓடைக்கரையில் வயிறு வலிக்கிறது என்றார். மருந்து கொடுத்தேன். பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று ஊரில் சொன்னேன். நஞ்சம்மா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

நானும் மாப்பிள்ளையும் பஸ் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. கணக்கில் குள்ளன் என்று வந்தால் எனக்குத் தூக்கு, அவளுக்குத் தெரு. வாய்விட்டு அழுதுவிடுவேன் போலிருந்தது. அரை அங்குலம் கூட்டிச் சொன்னேன். பெருக்கியபோது ஆள் அரைச் சாண் வளர்ந்துவிட்டான்.

அந்த உயரத்தில் காணாமல் போனவன் ஒருவன்தான்: தளிக்கு அப்பால் இருக்கும் வெங்கடம்மாளின் மகன் பெருமாள். குத்துமதிப்புதான் என்று டாக்டர் சொன்னதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அந்த அம்மாள் மண்டையோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "எம்மவன்தானா சாமி?" என்று என்னைத்தான் கேட்டாள். ஆமாம் என்றேன். பங்காளியை விட்டு அதைப் புதைக்க வைத்து, கருமாதியும் முடித்தாள். நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மாசி மாதம் பெருமாள் என் எதிரில் வந்து நின்றான். கோலாரில் வேலையாம். அங்கே பூ விற்கப் போன எங்கள் ஊர் குலாம் ரசூல்தான் அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பெருமாளைக் கோலாரில் உயிரோடு பார்த்தேன் என்று பிறகு உங்களிடம் வந்து சொன்னவரும் அவர்தானே. கருமாதி முடிந்தவன் நேரே வீட்டு வாசலை மிதித்தால் பெற்றவளுக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் ஊருக்குள் போகாமல் என்னிடம் வந்துவிட்டான்.

"கம்பவுண்டரய்யா, நீங்கதானே அளந்தீங்க. நீங்களே முன்னால வந்து, நான் உசுரோட இருக்கறன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. திடீர்னு என்னைப் பாத்தா பேயின்னு பயந்துடும்."

நல்ல பையன். நெடுநெடுவென்று வளர்ந்தவன், அண்ணாந்து பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. ஒற்றையடிப் பாதையில் நடந்தோம், நல்ல வெயில். அம்மாவுக்கு வாங்கிய சேலையைப் பிரித்துக் காட்டி, "இந்த நெறம் அம்மாவுக்குப் புடிக்குமாங்க?" என்று கேட்டான். பிடிக்கும் என்றேன். அவன் வீட்டுக்குள் நுழைந்தால் மண்டையோட்டைத் தோண்டி எடுத்து மறுபடி அளப்பார்கள். இந்த முறை வேறொருவர் அளப்பார். தாகமாக இருக்கிறது என்றான். கொண்டுபோயிருந்த புட்டியைக் கொடுத்தேன். பக்கத்திலேயே ஒரு பாழுங்கிணறு இருக்கிறது, வந்து காட்டுகிறேன்.

ராமப்பனைக் கொன்றது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இரண்டு கொலை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் திருத்திவிடுங்கள் ஐயா. பெருமாளுக்குப் பெற்றவளே கருமாதி செய்து முடித்திருந்தாள். செத்தவனை நான் எப்படிக் கொன்றிருக்க முடியும்?