உள்ளே வரலாமா?

விளாங்குடிப் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் கழுத்தில் ஆய்வுக்கூட அட்டை தொங்கியது.

"மூளை செல்லைச் சுத்தி ஒரு சவ்வு இருக்குக்கா. அதுல உள்ள புரதம்தான் கதவு மாதிரி. மறதி நோய்க்கு வரப்போற மருந்து அந்தக் கதவ என்ன பண்ணுதுன்னு பாக்குறோம்."

"எங்கப்பாவுக்கு எப்பக் கிடைக்கும்?"

"இன்னும் கண்ணாடித் தட்டுல வளக்குற செல்லுக்குத்தான் குடுத்துப் பாக்குறோம். இப்போதைக்குக் கிடைக்காதுக்கா."

மூத்தவள் பையை மடியில் ஏற்றிக்கொண்டாள்.

"தெருவுல நடந்துட்டு வந்தா, சொந்த வீட்டுக் கதவையே தட்டுறாரு. அம்புட்டு வருசம் வாத்தியாரா இருந்தவரு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி 'உள்ள வரலாமா'ன்னு கேட்டுட்டு நிக்கிறாரு."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"'வாங்க சார்'னுதான். அப்பான்னு கூப்பிட்டா பயந்துக்கிறாரு."