லயத்தின் கடைசி ஆள்

பேருந்தை விட்டு இறங்கும் சுற்றுப்பயணிகள் முதலில் விசாரிப்பது கழிப்பறையைத்தான். வரலாறு அதற்குப் பிறகு. அதில் எனக்கு வருத்தம் இல்லை, இன்ஸ்பெக்டர்.

சுங்கை சிப்புட் பக்கம் மூடிப்போன அந்த ரப்பர் தோட்டத்தைச் சில ஆண்டுகளாகச் சுற்றிக் காட்டுகிறேன். புகைக்கூடம், மானேஜர் பங்களா, முடிவில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம். அங்கே வாசலில் வீரம்மா அக்கா ரப்பர் பால்வாளியோடு உட்கார்ந்திருப்பார். “இந்த லயத்தில் மிஞ்சியிருக்கும் கடைசி ஆள் இவர்தான்” என்பேன். கூட்டம் அடங்கிவிடும். சிலர் கண்ணைத் துடைப்பார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஐயாவு அண்ணன் அரைக்கால் சட்டையோடு வெளியே வருவார்.

“அப்போ நான் யாருலா தம்பி? பேயா?”

எல்லாரும் சிரித்துவிடுவார்கள், வீரம்மா உட்பட.

நான் பொறுமைசாலி. ஆட்கள் வரும்போது உள்ளேயே இருக்கச் சொன்னேன், தொலைக்காட்சியை அலறவிட்டார். நகரத்தில், சிலிபின் பக்கம், அறை பார்த்துக் கொடுத்தேன். “அங்க போயி யாருகூட சண்டை போடுறது? வீரம்மா இங்கதானே இருக்கு” என்றார்.

“கடைசி ரெண்டு பேருன்னு சொல்லேன் தம்பி, என்னா கொறஞ்சிபோச்சு?” என்றார் வீரம்மா. சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேருக்காக யாரும் அழுவதில்லை.

வருகிறவர்களிடம் பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. அந்த வாக்கியம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

படம் எடுப்பவன் பின்னோக்கி நகரச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் தொழிலில் கற்றுக்கொண்டது அது. லயத்துக்குப் பின்னால் சுவர் இடிந்த கிணறு ஒன்று உண்டு. விடுமுறை நாளில் அதை மூடியிருந்த பலகையை எடுத்துவிட்டு, “சுற்றுப்பயணிங்க பார்க்குற போர்டுல உங்க படமும் வரணும்ணே” என்று ஐயாவு அண்ணனைக் கூப்பிட்டேன். தலை சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். என் கைபேசியில் பார்த்திருப்பீர்கள், சிரித்த முகம்.

“போதுமா தம்பி?”

“இன்னும் கொஞ்சம் பின்னால போங்கண்ணே.”

கீழேயிருந்து சிறிது நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கிணற்றைத் திரும்பவும் பலகையால் மூடினேன். வருகிறவர்களின் பிள்ளைகள் ஓடியாடும் இடம்.

மறுநாள் அந்த வாக்கியத்தை உறுத்தல் இல்லாமல் சொன்னேன். நான்கு பேர் அழுதார்கள்.

அந்த வாரமே வீரம்மா துணிமணியைக் கட்டினார். “ஐயாவு எங்க போனான்னே தெரியல. அவன் இல்லாம இங்க யாருகூட பேசுறது? மக வீட்டுக்கே போறேன் தம்பி.”

எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், கேட்கவில்லை. ஒரு மனிதர் உயிரையே கொடுத்திருக்கிறார், இன்ஸ்பெக்டர். அதற்காகவாவது அக்கா அங்கேயே இருந்திருக்கலாம்.