பிசிக்ஸ் லேபில் வைத்துவிட்டுப் போன நிழல்

— சத்தியமாச் சொல்றேம்மா, இதுல ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்னா என் முழங்கால் வலி ஜென்மத்துக்கும் தீர வேண்டாம்.

— சொல்லுங்க சார். நான் வந்த வேலைக்கு எப்படியும் நேரமாகும்.

— ஏன் அந்த இருட்டு மூலையிலேயே ஒட்டிக்கிட்டு இருக்கீங்க? ஜன்னல் பக்கம் வெளிச்சமா இருக்கே.

— இங்கேயே இருக்கேன் சார்.

— சரி. இன்னிக்கு பிஎச்.டி.க்கு ஒரே ஒரு இடத்துக்கு இன்டர்வியூ வச்சிருக்காங்களே, அது ஏன் காலியாச்சுன்னு தெரியுமா? ஒரு பொண்ணு இருந்தா. பிசிக்ஸ்ல நிழலைப் பத்தி ஆராய்ச்சி. வெயில்ல நின்னு தன் நிழலைத் தானே அளந்துக்குவா. கொஞ்ச நாள்ல அவ கைடு, இது நம்ம சப்ஜெக்ட் இல்ல, சைக்காலஜிக்குப் போன்னுட்டார். துறை மாறணும்னா, எடுத்த சாமானையெல்லாம் ஒப்படைச்சு, பாக்கி இல்லைன்னு கையெழுத்து வாங்கணும் இல்லையா?

— ஆமா. அது இல்லாம விட மாட்டாங்க.

— லேப்காரர் சரிபார்த்தார். விளக்கு வந்துருச்சு, அளவுகோல் வந்துருச்சு. நிழல் எங்கேன்னார். சோதனைக்கு வச்சதெல்லாம் லேபுக்குச் சொந்தமாம். அவளும் சுவர்ல சாய்ச்சு வச்சுட்டுப் போயிட்டா. சைக்காலஜில அவ தூக்கத்தைப் பதிவு பண்ணினாங்க. அங்கிருந்து மொழியியலுக்கு மாத்தினப்போ தூக்கம் அங்கேயே தங்கிருச்சு. மொழியியல்காரங்க குரலை வாங்கி...

— குரலை வாங்கலை சார்.

— என்னது?

— கேட்டாங்க. அவ குடுத்திருக்க மாட்டா.

— கதை சொல்றது நானா நீங்களா? சரி, குரல் அவகிட்டயே இருக்கட்டும். பட்டம் மட்டும் கிடைச்சுது. நிழல் இன்னும் மூணாவது மாடியில, லேப் பூட்டினதும் தானா எழுந்து ஜன்னலண்டை நிக்குமாம்.

— எந்தப் பக்கத்து ஜன்னல்?

— மேற்கால. அதனாலதான் சொல்றேன், நல்ல குடும்பத்துப் பொண்ணா இருக்கீங்க. பேசாம வீட்டைப் பாக்கப் போயிருங்க.

— வெறுங்கையோட போக முடியாது சார். என் பொண்ணு வாசல்ல நிப்பா.

— அடடா, எதுக்கு அழறீங்க? கண்ணைத் துடைங்க. உண்மையைச் சொல்லிடறேன். அத்தனையும் என் கைச்சரக்கு. அந்த லேப் வாசப்படியைக்கூட நான் மிதிச்சதில்ல.

— அப்புறம் எதுக்கு சார்?

— எனக்கும் அதே இடத்துக்குத்தான் இன்டர்வியூ. ரிட்டயராகி வீட்டுல உக்காந்தா, எங்க வீட்டுக்காரி தெரு முழுக்க, 'இவர் டாக்டராகப் போறார்'னு தண்டோரா போட்டுட்டா. இனி டாக்டராகாம அந்தத் தெருவுல கால் வைக்க முடியாது. போட்டிக்கு ஓர் ஆள் குறையட்டுமேன்னு சும்மா அளந்தேன்.

— மூணாவது மாடி, மேற்கு ஜன்னல். அதுவும் அளந்ததா?

— வாயில வந்தது.

— போன தடவை லேப்காரர் அப்படி ஒண்ணு எங்ககிட்ட இல்லவே இல்லைன்னு சாதிச்சுட்டார். எந்த ஜன்னல்னு இப்பத்தான் தெரியுது. ரொம்ப நன்றி சார்.

— என்னம்மா சொல்றீங்க? அங்க போகாதீங்க, இன்டர்வியூ இந்தப் பக்கம்.

— இன்டர்வியூக்கு நீங்க தைரியமாப் போங்க, நான் போட்டிக்கு வரலை. பட்டம் வாங்கி எட்டு வருஷமாச்சு. என் பொண்ணு இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சிருக்கா, வெயில்ல என் கையைப் பிடிக்க மாட்டேங்கறா. வச்சுட்டுப் போனதைத் திருப்பி வாங்க வந்திருக்கேன்.