குடை சுருங்கிய விதைகள்

அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. சுவர்ப்பக்கம் சாய்ந்து உட்காருங்கள், ஆடாது. இந்தப் பாறைத்திட்டில் இருக்கிற ஆராய்ச்சி நிலையத்தைப் பூட்டிச் சாவியை வாங்கிப்போகக் கரையிலிருந்து வந்த அதிகாரி நீங்கள். வந்த இடத்தில் என் கட்டிலடியில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இதெல்லாம் என்ன என்று கேட்கிறீர்கள். கேட்டால் பதில் சொல்வதுதான் மரியாதை. படகு வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

பெட்டியில் இருப்பவை விதைகள். சன்னலுக்கு எதிரே கடலில் ஒரு சின்னத் தீவு தெரிகிறதே, அதில் முளைக்கிற மஞ்சள் பூச்செடியின் விதைகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பஞ்சுக்குடை இருக்கும். கரையில் அது நல்ல வசதி. காற்றில் பறந்துபோய் இன்னொரு வயலில் விழலாம். தீவிலோ நாலு பக்கமும் தண்ணீர். பெரிய குடைக்கார விதை பறந்துபோய்க் கடலில் விழுந்து தொலையும். சின்னக் குடைக்கார விதை தாய்ச்செடியின் காலடியிலேயே விழுந்து பிழைக்கும். அதன் பிள்ளைகளும் சின்னக் குடையோடுதான் பிறக்கும். இப்படியே போனால் சில தலைமுறைகளில் தீவுச் செடிக்குக் குடையே சுருங்கிவிடும் என்பது என் தங்கையின் வாதம். அதை அளந்து நிரூபிக்கத்தான் இங்கே வந்தாள். சமைக்கவும் படகு தள்ளவும் என்னைக் கூட்டிவந்தாள். அவளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. எனக்கு இன்னும் பாப்பாதான்.

பாப்பாவுக்குப் பஞ்சு ஆகாது. மூக்கில் ஏறினால் மூச்சு முட்டிவிடும். அதனால் விதை முற்றும் பருவத்தில் தீவுக்கு நான்தான் போவேன். விதையைப் பறித்து, அட்டையில் ஒட்டி, மேலே கண்ணாடி வைத்து மூடிக் கொடுப்பேன். அவள் பூதக்கண்ணாடியால் பார்த்து அளப்பாள். என்னை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

ஆறாம் வருஷம் குடைகள் நன்றாகவே சுருங்கியிருந்தன. வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒட்ட உட்கார்ந்தபோது அவள் வாசலில் வந்து நின்றாள்.

"இந்த வருஷமும் சுருங்கியிருந்தா போதும்ணா. எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பிடுவேன். அவரும் எத்தனை நாள்தான் காத்துட்டிருப்பாரு."

அவர் என்பது வரைபடம் போடுகிற ஒருவர். தங்கமான மனிதர், குறை சொல்லமாட்டேன். ஆனால் காரம் கொஞ்சம் கூடினாலும் பாப்பாவுக்கு வயிறு எரியும். அது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மளிகை வாங்கக் கரைக்குப் போகும்போதெல்லாம் படகுத்துறை ஓரத்தில் அதே செடியைப் பார்ப்பேன். ஒவ்வொரு விதைக்கும் பெரிய பெரிய குடை. அதில் ஒரு பிடி பறித்துவந்து கலந்து ஒட்டினேன். அவ்வளவுதான்.

அந்த வருஷ அளவுகள் குழம்பிப்போயின. "ஒத்து வரலையேண்ணா" என்றாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றினேன். அடுத்த வருஷம் குறைவாகவே கலந்தேன். நம்பிக்கை என்று ஒன்று வேண்டுமல்லவா. அதற்கடுத்த வருஷம் தாராளமாகக் கலந்தேன். ஒரேயடியாகக் கலந்தால் வெறுத்துப்போய்க் கிளம்பிவிடுவாள். கலக்காமலே விட்டால் முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். உப்புப் போடுகிற மாதிரி, எல்லாம் கைக்கணக்குதான். பதினெட்டு வருஷம் கை தப்பவில்லை.

வரைபடக்காரர் நாலு வருஷம் பொறுத்துப் பார்த்தார். அவர் கடிதங்களை நான் பிரித்ததுகூட இல்லை. அந்த மாதிரி ஆள் இல்லை நான். கடைசியாக வந்தது அவருடைய கல்யாணப் பத்திரிகை. பாப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டேன். ஆபத்துக்கு ஓர் ஆள் கூட இருப்பது எவ்வளவு நல்லது என்று அன்றைக்குத்தான் அவளுக்கும் புரிந்திருக்கும்.

போன மாதம் அவள் தன் வாதம் தவறு என்று எழுதி அனுப்பிவிட்டாள். "இருபத்துநாலு வருஷம் தப்பாவே நினைச்சுட்டு இருந்திருக்கேண்ணா" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த அறையில் சாமான் கட்டுகிற சத்தம் கேட்கிறதே, அது அவள்தான். கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. தங்க ஓர் அறையும் தருகிறார்களாம், ஒருவருக்கு மட்டும்.

அதனால்தான் உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். மனசாட்சி உறுத்துகிறது. நான் எதையும் அழித்தவன் இல்லை. ஒட்டாமல் ஒதுக்கிய தீவு விதைகள் எல்லாம் தேதி போட்ட உறைகளில் வருஷவாரியாக இருக்கின்றன. அவள் நினைத்தது சரி. ஆறாம் வருஷமே சரி. போய் அவளிடம் சொல்லுங்கள். அழுவாள், கொஞ்ச நாள் என் முகத்தில் விழிக்கமாட்டாள். அப்புறம் உறைகளைப் பார்ப்பாள். உள்ளே மூவாயிரத்துச் சொச்சம் விதைகள் இருக்கின்றன. அத்தனையையும் அளக்காமல் அவளால் இருக்க முடியாது. எப்படியும் மூன்று வருஷம் பிடிக்கும். நிலையத்தைப் பூட்டுவதை நீங்களும் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

அவளுக்குத்தான் பஞ்சு ஆகாதே. ஒட்டிக் கொடுக்க நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும். காலையில் உங்கள் படகைப் பார்த்ததும் பெட்டியைக் கட்டிலடியிலிருந்து கொஞ்சம் வெளியே இழுத்துவைத்தேன். கையோடு பசையும் காய்ச்சி வைத்துவிட்டேன்.