ராகேல் அம்மாள் காத்த பலகைத் தளம்

தலைவர் முத்துநாயகம் அவர்களே, அம்மாளின் மகள் பூங்கனி அவர்களே, வாசல் சாக்கில் கால் துடைத்துவிட்டு மாடியேறி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! எல்லோருக்கும் ஞானசிங்கின் வணக்கம். இந்த உரையை நானே எழுதினேன். முதியோர் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதமாகிறது. எழுதி முடிக்க நான்கு நாள் பிடித்தது. துக்கக் கூட்டத்தில் சொல்லக்கூடாதுதான்; ஆனாலும் எழுதும்போது மகிழ்ச்சியாகவே இருந்தது.

நம் சபை மண்டபத்தின் தேக்குப் பலகைத் தளத்தை இருபத்திரண்டு ஆண்டுகள் பராமரித்தவர் ராகேல் அம்மாள். மண்டப மேற்பார்வையாளனாக அருகிலிருந்து பார்த்தவன் நான். தண்ணீர் ஊற்றிக் கழுவினாரா? ஒருநாளும் இல்லை! இறுகப் பிழிந்த துணியால் துடைப்பார். பலகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். சொட்டு உருண்டு நின்றால் போய்விடுவார். பலகை உறிஞ்சினால் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பார், மிச்சத்தை ஒற்றி எடுப்பார், நன்றாகக் காய்ந்தபின் தேன்மெழுகு இடுவார். தேங்காயெண்ணெய் போதாதா என்று கேட்டவர்களுக்கு, "அது காயவே செய்யாது. ராஜாக்கமங்கலத்து மணலு மொத்தமும் வந்து ஒட்டும்" என்பார்.

1952 ஐப்பசியில், சபையார் எல்லோரும் கூடி உண்ணும் அசன விருந்து வந்தது. தளம் பளபளக்க வேண்டுமென்று கமிட்டி வார்னிஷ் வாங்கியது.

"மழ விடட்டும் அண்ணாச்சி. மெழுகு குடிச்ச பலகையில இது பிடிக்காது, காயவும் செய்யாது" என்றார் அம்மாள்.

"நீ என்னத்தக் கண்டட்டீ? சீமையில இருந்து டப்பாவுல அடச்சி வந்திருக்கு. தள்ளு!" என்றேன். இரண்டு பூச்சு நானே பூசினேன்.

ஞாயிறு ஆராதனை. எல்லோரும் தரையில் அமர்ந்திருந்தீர்கள். எழுந்து நிற்கும்படி போதகர் சொன்னார். யாரால் முடிந்தது? ரத்தினம் வைத்தியர் எழுந்தார், அவர் வேட்டி எழவில்லை! பின்னாலிருந்து அம்மாளின் குரல்: "இன்னைக்குத்தான் நம்ம சபை அசையாம செபம் பண்ணுது."

நானும் சிரித்தேன். மறுநாள் கமிட்டி கூடி, பூசியது யார் என்று கேட்டபோது சிரிக்கவில்லை, தரையைப் பார்த்தேன். அம்மாள் என்னைப் பார்த்தார். "தளம் எம் பொறுப்புதானே" என்றார். பழையபடி ஆக்காவிட்டால் வேலை இல்லை என்றார்கள்.

தை பிறந்ததும், உடைந்த கண்ணாடித் துண்டை வைத்துப் பலகை பலகையாகச் சுரண்டினார். நாற்பது நாள்! பிறகு எண்ணெய், பிறகு மெழுகு. ஒரு நாளாவது நான் பக்கத்தில் குந்தினேனா? இல்லை. நீங்கள் இப்போது அமர்ந்திருப்பது அவர் மீட்டெடுத்த தளம்.

போன வாரம் கமிட்டிப் புத்தகத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். 'ராகேலின் அஜாக்கிரதையால் தளம் கெட்டது.' யார் உதவியும் இல்லாமல் நான் முழுதாகப் படித்த முதல் வரி அதுதான்.

இனி சனிக்கிழமைதோறும் இந்தத் தளத்தை நான் துடைப்பேன். சொட்டு விட்டுப் பார்ப்பேன். வார்னிஷ் டப்பா படியேற விடமாட்டேன். தலைவர் அவர்களே, அந்தப் புத்தகத்தையும் பேனாவையும் இப்படித் தாருங்கள். அந்தப் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுத வேண்டும். கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.